முதலில் நனைந்த வீடு

நான் குடியியல் படிப்பித்த காலம் முழுவதும் ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. நகரத்தின் மழைநீர்க் கான்களுக்குப் பொறுப்பு யார் என்று புத்தகத்தில் இருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து புள்ளியும் வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடிய கானுக்குப் பொறுப்பு யார் என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் எனக்கு அது குழப்பம்தான். தெளிந்துவிட்டதாகப் பாவனை செய்து எழுத எனக்கு வராது.

எங்கள் ஊர் இரண்டு கடலுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடப்பது. ஒரு பக்கம் துறைமுகம். அங்கே காற்றடித்தாலும் தண்ணீர் பெரிதாக அசையாது. மற்றப் பக்கம் திறந்த கடல். இரண்டுக்கும் இடையில் பள்ளத்தில் எங்கள் ஒழுங்கை, ஒடுக்கமான ஒரு தெரு. அந்த ஒழுங்கையின் ஆகப் பள்ளத்தில் எங்கள் வீடு. மலிவாகக் கிடைக்கிறது என்று அப்பா வாங்கினார். ஏன் மலிவு என்று முதல் மாரியிலேயே அறிந்துகொண்டார். மழைத்தண்ணீர் கானில் ஓடித் திறந்த கடலில் விழவேண்டும். ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் அலை மணலைக் கொண்டுவந்து கானின் வாயை அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி எங்கள் வீட்டுக்கு வரும்.

கானின் தலைப்பகுதி நகரசபைக்கு உரியது. அது பெரிய வீதியைக் கடக்கும் இடம் வேறொரு திணைக்களத்துக்கு. கடற்கரையில் உள்ள கடைசித் துண்டு, வெள்ளைக்காரரின் கடற்படை விட்டுப்போன காணி. அது இப்போது யாருடையது என்று கேட்டால் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரும் அடுத்த கந்தோரைக் காட்டியது. "மூண்டு வாப்பா உள்ள புள்ளைக்குச் சோறு கிடைக்காது" என்பார், ஒழுங்கை முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் நானா. அவர் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து எங்களோடு குடியேறியவர்.

ஆகவே ஒழுங்கைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வெருகல் பக்கத்தில் வெள்ளத்துக்கு ஆற்றுவாய் வெட்டுவது போல, கானின் வாயை நாங்களே வெட்டுவோம். ஆனால் நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. வெட்டினால் பாய்கிற தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போகும். அந்தக் கரையில்தான் மீன்பிடிக்காரர் தோணிகளை இழுத்து வைப்பார்கள். அதனால் ஒரு வீட்டுக்குள்ளாவது தண்ணீர் போயிருக்க வேண்டும். முதலில் நனைந்த வீட்டுக்காரர் ஒழுங்கையில் இறங்கிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று கேளாமல் ஆண்கள் மண்வெட்டியோடு வருவார்கள், தோணிக்காரர் முணுமுணுக்காமல் தோணியை நகர்த்துவார்கள். கூப்பிடாமல் ஒருவரும் மண்ணில் கைவைக்க மாட்டார்கள்.

முதலில் நனைவது எப்போதும் நாங்கள்தான். அப்பா இருந்தவரைக்கும் அவர் கூப்பிட்டார். துறைமுகத்தில் வத்தைப் படகுகளில் சாமான் ஏற்றி இறக்கிய மனிதர், அவருடைய குரல் கடற்கரை வரை போகும். அவர் செத்தபிறகு அது அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா கடையில் கடன் சொல்லாதவர், பக்கத்து வீட்டில் ஒரு கறிவேப்பிலை கேட்காதவர்.

"ஊர் ஆம்பிளையள் எல்லாரும் பாக்க நனைஞ்ச சீலையோட நிண்டு கத்தவேணும். இந்த ஒண்டுக்காகவே இந்த வீட்டை விட்டிட்டுப் போகலாம் எண்டு கிடக்கு" என்று ஒவ்வொரு மாரியும் சொல்லுவார். போவதற்கு வேறு வீடு எங்களிடம் இல்லை.

எண்பதுகள் பிறந்த சமயம், நகரத்தின் கான், வீதி, விளக்கு எல்லாம் இனி ஒரே சபையின் கீழ் வரும், அதற்குப் புதுச் சட்டம் வருகிறது என்று கதை அடிபட்டது. அம்மா அரசியல் கதைக்கிற ஆள் அல்ல. ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப இனி நான் கூப்பிடத் தேவையில்லை, என்ன பிள்ளை?"

"ஓம் எண்டுதான் நினைக்கிறன், அம்மா."

உண்மையில் என்ன நினைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. முதல் தரம் வாசித்தபோது விளங்கியது. இன்னொரு தரம் வாசித்தபோது விளங்கியதும் போய்விட்டது. ஒரு வாக்கியம் சபைக்கு அதிகாரத்தைக் கொடுக்கும். அடுத்த வாக்கியம், மேலே ஒருவர் சம்மதித்தால் என்று அதை மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். நல்லகாலம், பிள்ளைகள் கேட்கவில்லை. சோதனைக்கு அது வராது.

பக்கத்து வீட்டில் ஒரு துறைமுகத் தொழிலாளி இருந்தார், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர், அம்மாவை அக்கா என்பார். "சட்டம் கொழும்பில வரும் அக்கா, மழை இஞ்ச வரும்" என்று அவர் சிரித்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது.

சட்டம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. எப்போதோ செத்துப்போன தெருவிளக்கு எரிந்தது. குப்பை வண்டி சொன்ன நாளில் வந்தது. "பாத்தியா?" என்று அம்மா விளக்கைக் காட்டினார். நானும் நம்பத் தொடங்கினேன்.

பிறகு மாரி வந்தது. மழைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஒரு காலையில் தண்ணீர் எங்கள் படியைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மா ஒழுங்கையில் இறங்கவில்லை. "நீ போய்ச் சபைக் கந்தோரில சொல்லு" என்றார். அவருடைய முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் மரியாதையாகக் கதிரை தந்தார். "கான் எங்களுக்குத்தான் வந்திருக்கு ரீச்சர். ஆனால் கடற்கரையில இருக்கிற அந்த வாய் கானோ, கடற்கரையோ எண்டு தெரியேல்லை. கேட்டு எழுதியிருக்கிறம்."

"தண்ணி வீட்டுக்குள்ள நிக்குது."

"ஓம், விளங்குது. மறுமொழி வராமல் நாங்கள் தொட ஏலாது."

திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விறாந்தையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால்களுக்கு இடையில் மண்வெட்டியை வைத்தபடி இருந்தார். என்னைப் பார்த்தார். நானாவின் கடையிலும் மண்வெட்டிகள் சாத்தியிருந்தன. எங்கோ வேலைக்குப் போகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்த எழுதுவினைஞரின் பதிலே என் தலையை நிறைத்திருந்தது.

அம்மா அலுமாரிச் சாமான்களைக் கட்டிலில் அடுக்கிவிட்டு அதன் ஓரத்தில் ஏறி இருந்தார். "வருகினமோ?"

"தெரியாது அம்மா."

"அயலட்டையிலயும் ஒருத்தரும் வெளிக்கிடேல்லை. சட்டம் மறிச்சிருக்கும். பாவம், அவையள் என்ன செய்யிறது."

பின்னேரம் பின்னறைச் சுவர் விழுந்தது. அப்பா தன் கையால் மண் குழைத்து எழுப்பிய சுவர், அவர் கடைசியாகப் படுத்திருந்த அறை. களைத்த மாடு சேற்றில் படுப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா அழவில்லை. வாயைத் திறந்தபடி அந்த ஓட்டையால் தெரிந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டதும் ஒழுங்கை முழுவதும் ஓடிவந்தது, எல்லோர் கையிலும் மண்வெட்டி.

"இவ்வளவு நேரமும் எங்க இருந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"காலமையிலயிருந்து இதோடதான் குந்திக்கொண்டிருக்கிறம், அக்கா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "நீங்கள் கூப்பிடேல்லை."

"சபை வந்திட்டுது, இனி எங்கட உதவி என்னத்துக்கு எண்டு நீங்க நினைக்கிறீங்களாக்கும் எண்டு எங்களுக்கும் மனம் நொந்துதான் போச்சு, தங்கச்சி" என்றார் நானா.

அதன் பிறகு யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் போய் வாயை வெட்டினார்கள். பொழுதுபட முன்னர் தண்ணீர் வடிந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை. சட்டத்திலா, கூப்பிட்டால்தான் வருவோம் என்று இருந்தவர்களிலா, வாயைத் திறக்காத அம்மாவிலா? ஒவ்வொருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, சுவர் மட்டும் இல்லை.

மறுமொழி மாரி முடிந்த பிறகு வந்தது. கானின் வாயும் சபைக்கே சொந்தமாம். நான் போய்க் கேட்டேன், அப்படியானால் அடுத்த முறை மழைக்கு முதலே வெட்டலாமே என்று. எழுதுவினைஞர் தயங்கினார். "தோணிக்காரற்ற பிரச்சினை இருக்கு ரீச்சர். ஒரு வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது எண்டு அறிவிச்சால்தான் வெட்டலாம்."

வழி முழுக்க யோசித்தேன். எங்கள் ஒழுங்கையின் வழக்கத்தைத்தான் சட்டமாக்கினார்களா, அல்லது யார் யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டுமா? அம்மாவிடம் சொன்னேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப சட்டத்துக்கும் நாங்கள் முதல் நனையவேணும்" என்றார்.

அடுத்த மாரி தொடங்கும்போது வாடை அடித்தது, வானம் கறுத்தது, இன்னும் ஒரு துளி விழவில்லை. அம்மா கிணற்றில் அள்ளி வாளியைக் கொண்டுவந்து, விறாந்தையைத் தாண்டி, நடு அறையில் ஊற்றினார். போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். பிறகு அந்தத் தண்ணீரிலேயே தன் சீலைக் கரையைத் தோய்த்தார்.

"என்ன செய்யிறீங்கள் அம்மா?"

"நனைஞ்சிட்டம். நீ கந்தோருக்குப் போய் அறிவி. வேணுமெண்டால் வந்து பாக்கட்டும்."

அவர் ஒழுங்கையில் இறங்கிக் கூப்பிட்டார். முந்திய மாரிகளில் கூனிக் குறுகிக் கூப்பிட்ட அம்மாவுக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார், நானாவும் வந்தார். காய்ந்த ஒழுங்கையைப் பார்த்தார்கள், அம்மாவின் ஈரச் சீலையைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்பது வழக்கம் இல்லை. கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். அம்மா தலை குனியாமல் அவர்களுக்கு முன்னால் போனார்.

நான் கந்தோருக்குப் போனேன். எழுதுவினைஞர் யன்னலால் வானத்தைப் பார்த்தார், மடித்தபடி இருந்த என் குடையைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுதோ ரீச்சர்?"

"ஓம்" என்றேன். "வந்திட்டுது."

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை.