நோர்மா கிழித்த சீட்டு

எங்கள் ஊர் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் வியாழன் மதியம் படம் போடுவார்கள். சுரங்கம் மூடி முப்பது வருடமாகிறது, மன்றம் மட்டும் மிச்சம். நாற்காலி போடுவது, டீ போடுவது, கூட்டுவது எல்லாம் நான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் செயலாளர் ஜெஃப்ரியிடம் போகலாம். பூகோள வாத்தியாராக இருந்தவர். எந்தப் படம் முடிந்தாலும் எழுந்து நின்று “துணிச்சலான படைப்பு” என்பார். மூன்று மணி நேரப் படத்தில் இரண்டு மணி நேரம் குறட்டை விட்ட மனுஷன்.

படம் தெரிந்தவர் என்றால் நோர்மா ஹெஸ்லப் ஒருவர்தான். இருபத்தாறு வருடம் பள்ளிச் சமையற்கட்டில் கஸ்டர்டு கிண்டியவர், இப்போது எழுபத்தொன்று. படம் முடிந்ததும் இங்கே ஆளுக்கு ஒரு சீட்டு. அதன் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் இருக்கும். எந்த எண்ணில் கிழிக்கிறோமோ அதுதான் நம் மார்க். கிழித்து, வாசலில் நான் நீட்டும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நோர்மா இரண்டைத் தாண்டுவது அபூர்வம். மூன்று விழுந்ததெல்லாம் நம் பிரிட்டிஷ் சின்னப் படங்களுக்குத்தான்: ஒரு வீடு, நாலு பேர், ஒன்றரை மணிக்குள் கதை முடிந்துவிடும். அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

மழையில் நின்று கதறும் கதாநாயகிகளை அவருக்கு அறவே ஆகாது. “அவளே அழுது முடிச்சிட்டாளே, அப்புறம் நான் எதுக்கு அழணும்?” என்பார்.

அவர் மகள் லோரெய்ன் லண்டனில் நடிகை. இருபது வருடமாக டிவியில் நர்ஸ், பிணம், இரண்டாவது போலீஸ்காரி. நாற்பத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒரு படத்தில் முதன்மை வேடம். எண்பத்திரண்டு நிமிடப் படம், பதினெட்டு நாளில் எடுத்தது. அதை எங்கள் மன்றத்தில் போடச் சொல்லி, அன்றைக்கு அவளே வந்தும்விட்டாள். ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவளுக்கு இல்லை. அம்மா எந்த எண்ணில் கிழிப்பார் என்பதுதான்.

“எனக்காகப் பொய்யாக் கிழிச்சா கண்டுபிடிச்சிருவேன்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்,” என்றாள் என்னிடம்.

“யாரு, உங்கம்மாவா பொய்யாக் கிழிப்பாங்க?” என்றேன்.

படத்தில் அவள் புருஷனின் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். கதவைத் தட்டி ஒருவன் புருஷன் செத்த சேதியைச் சொல்கிறான். தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, மிச்ச ரொட்டிக்கும் வெண்ணெய் தடவி, மூலைக்கு மூலை வெட்டி, காகிதத்தில் சுற்றி வைக்கிறாள். வேறு எவளாவது என்றால் தரையில் உருண்டிருப்பாள். முன்வரிசையில் நோர்மா வாயிலிருந்த மிட்டாயைச் சப்புவதை நிறுத்தியிருந்தார்.

அப்புறம் திரையில் அவள் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றாள். வயலின் ஆரம்பித்தது. அரை நிமிடம் அப்படியே நின்றாள். நோர்மா மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

படம் முடிந்தது. ஜெஃப்ரி எழுந்து துணிச்சலைப் பாராட்டினார். லோரெய்ன் என் பக்கத்தில் நின்றதால், வந்தவர்கள் எல்லாரும் குழந்தைகள் நாடகத்துக்குக் கைதட்டுவது போல ஐந்தில் கிழித்துப் போட்டார்கள். அவள் அந்த டப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நோர்மா கோட்டுப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு கடைசியாக வந்து, எங்கள் கண்முன்னே கிழித்தார். நாலு.

லோரெய்ன் சீட்டைப் பார்த்தாள். “ஜன்னலா?”

“ஜன்னல்தான். ரொட்டியச் சுத்தி வச்சதோட முடிஞ்சு போச்சுடி. அப்புறம் அங்க நின்னு என்ன பாக்குற, பஸ் வருதான்னா?”

“வெட்டிருங்கன்னு டைரக்டர்கிட்டக் கெஞ்சினேம்மா. கேக்கல.”

நோர்மா சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். “அப்ப அந்த ஒரு மார்க் அவன் தின்னது, கண்ணு. உன்னோடது இல்ல.”

லோரெய்ன் சீட்டை அம்மா கையிலிருந்து வாங்கினாள். டப்பாவில் போடவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு அம்மாவோடு கிளம்பினாள்.

ஜெஃப்ரி மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். நாற்பத்தாறு பேர், நாற்பத்தைந்து சீட்டு. மண்டி போட்டு நாற்காலிகளுக்கு அடியில் தேடினார். ஒரு சீட்டைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்.

“கூட்டித் தள்ளிட்டேன்,” என்றேன்.