இடது கையைத் தூக்கினால்

என் அண்ணி பல் டாக்டர். அவர் மருமகளாக வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கொட்டாவி விட்டதில்லை. வாயைத் திறந்தால் போதும், எட்டிப் பார்த்துவிடுவார்.

அவருடைய கிளினிக்கில் வரவேற்பு மேசை என்னுடையது. சொத்தை அடைப்பது, கறை எடுப்பது, வேர் சிகிச்சை, பல் கட்டுவது என்று உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். வருகிறவருக்கு எவ்வளவு பயம் என்பது கதவைத் தள்ளுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணியிடம் ஒரு சட்டம் உண்டு. நாற்காலியில் சாய்ந்தவரிடம் முதலில் அதைத்தான் சொல்வார். "இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்." சொன்னபடியே கருவியை வெளியே எடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்வார். "இதோ முடிஞ்சிடுச்சு" என்ற பொய்க்கு எங்கள் கிளினிக்கில் இடமில்லை. எனக்கோ இந்தச் சட்டத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வெளியே அத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், உள்ளே ஒருவர் மூக்கைச் சொறியக் கை தூக்கியதால் வேலை நின்றுபோயிருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாக்ஸபோன்காரர் வந்தார். மேல்வரிசை முன்பல் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தது. வாத்தியத்தின் வாயை அந்தப் பல்லால் அழுத்திப் பிடித்துத்தான் அவர் ஊத வேண்டும். வேறொரு டாக்டரிடம் "இதோ முடிஞ்சிடுச்சு" கேட்டுக் கேட்டு நொந்துபோய், பாதி சிகிச்சையில் எழுந்து ஓடியவர் அவர்.

"இப்பவும் ஓடிட்டா அப்புறம் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்," என்றார் அண்ணி ஒளிக்காமல்.

"பல்லு போனா என் வாசிப்பும் போச்சு, டாக்டர். ஆனா உக்காந்தாலே உடம்பு உதறுதே."

அன்றைக்கு உதவியாளர் லீவு. எச்சில் உறிஞ்சும் குழாய் என் கையில் இருந்தது. அண்ணி மரத்துப்போகிற ஊசியை எடுத்ததுமே இடது கை மேலே போனது. நிறுத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடி கை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஊசி இன்னும் படவே இல்லையே, அதுக்குள்ள வலிக்குதா?" என்றேன்.

"இல்லீங்க. நிஜமாவே நிறுத்துறாங்களான்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழாயாலேயே அவர் தலையில் ஒன்று போட்டிருப்பேன். அண்ணி சிரித்தார். "நல்லா பாத்துக்கோங்க. எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க."

அதற்குப் பிறகு கை தூங்கிப்போனது. ஊசி போட்டாயிற்று, பல்லில் துளையும் போட்டாயிற்று, மனிதர் அசையவில்லை. மெல்லிய கம்பியால் அண்ணி வேருக்குள் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஓடிவிடாதே ஐயா, இன்னும் கொஞ்சம்தான் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து அவர் கை விருட்டென்று எழுந்தது. அண்ணி கம்பியை வெளியே எடுத்துவிட்டார்.

சாக்ஸபோன்காரர் கண்ணைத் திறந்து, மரத்துப்போன உதட்டோடு குழறினார். "ஏன் நிறுத்திட்டீங்க? மனசுக்குள்ள வாசிச்சிட்டிருந்தேன். அந்த இடம் மேல போகும், கையும் கூடவே போயிடுச்சு."

பயந்து நடுங்கிய மனிதர் நாற்காலியில் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அண்ணி மறுபடி கம்பியைக் கையில் எடுத்தபோது அவர் கண் பளபளத்தது.

சிகிச்சை முழுதும் முடிந்து, பல்லுக்கு உறை மாட்டிய பிறகு ஒருநாள் சாக்ஸபோன்காரர் கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றார். "உங்க முன்னாடிதான் முதல்ல ஊதிப் பாக்கணும். தாங்கலைன்னா இங்கயே தெரிஞ்சிடட்டும்."

காத்திருந்தவர்கள் கன்னத்து வலியை மறந்து எழுந்துவிட்டார்கள். அண்ணி கதவோரமாக வந்து நின்றார். எந்த வாயைப் பார்த்தும் அசராத மனுஷி, கையுறையைத் திருகிக்கொண்டிருந்தார்.

முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. அண்ணியின் முகம் செத்துப்போனது. சாக்ஸபோன்காரர் பல்லை நன்றாகப் பதித்து மறுபடி ஊதினார். வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! அறை நிறைந்து, கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மேலே, இன்னும் மேலே என்று போனார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அண்ணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார்.

வாசிப்பு சட்டென்று நின்றது.

"என்னங்க, பல்லு வலிக்குதா?" என்று பதறினேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் இடது கையத் தூக்கினாங்க."

அண்ணி கையை மெல்ல இறக்கினார். விட்ட இடத்திலிருந்து சாக்ஸபோன்காரர் மறுபடி தொடங்கினார்.