அற்புதமேரியின் ஓட்டு

சிலிண்டர் பங்கிராஸ் என்று கேட்டால் அந்த வார்டில் எந்த வீட்டிலும் வழி சொல்வார்கள். ஆவூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபத்திரண்டு வயதில் புதுக்கோட்டைக்கு வந்து கேஸ் ஏஜென்சி வண்டியில் ஏறினவர். முப்பத்தைந்து வருஷமாக அதே வேலை. தோளில் சாக்கை மடித்துப் போட்டு, நிறைந்த சிலிண்டரைத் தூக்கி வைத்து, 'மாதாவே' என்று ஒரு வார்த்தை சொல்லிப் படியேறுவார். தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்தே போயிற்று.

கதவு எண்கள் அவருக்கு மனப்பாடம். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் சிலிண்டர் வாங்குகிற நாளைக் கொண்டே தெரிந்துவிடும். இரண்டு மாதம் வருகிற சிலிண்டர் மூன்று மாதம் வந்தால், அந்த வீட்டில் சாப்பிடுகிற ஆள் ஒன்று குறைந்துவிட்டது என்று பொருள். பக்கத்து வீட்டாருக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும்.

அவருடைய சொந்த வீட்டில் ஆள் குறைந்தது கொரோனா இரண்டாம் முறை வந்த மே மாதத்தில். மனைவி அற்புதமேரிக்கு மூன்று நாள் மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றார்கள். நாலாம் நாள் விடியும்போது, தண்ணீர் கேட்டவள் குடிக்காமலே போய்விட்டாள். தெருவில் அத்தனை கதவும் சாத்திக்கொண்டன. யாரையும் குறை சொல்லக் கூடாது, அந்தக் காலம் அப்படி. மகள் ஷெரின் கோயம்புத்தூரில் இருந்தாள், வர வழியில்லை.

வந்தவள் காத்தாயி ஒருத்திதான். அந்தத் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்க்காரி. சேலைத் தலைப்பால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணே, வெந்நி வைங்க. மதினிய இப்புடியேவா அனுப்புவீங்க?"

அவளே குளிப்பாட்டினாள். அவளே கல்யாணச் சேலையைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டாள். கையில் ஜெபமாலையைச் சுற்றத் தெரியாமல், "இத எந்தக் கையில சுத்தணும்ணே?" என்று கேட்டாள். சிலிண்டர் ஏற்றுகிற வண்டியிலேயே உடலை ஆவூருக்குக் கொண்டுபோனார்கள். கல்லறையில் நின்றவர்கள் ஐந்து பேர். பங்குச் சாமியார் அங்கிருந்த கோவிலின் மரணப் பதிவேட்டில் பெயரை எழுதினார். பங்கிராஸ் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு எல்லாம் எழுதியாயிற்று என்றுதான் அவர் நினைத்தார். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா, எல்லாரும் பிறந்ததும் கட்டினதும் செத்ததும் அந்தக் கோவில் புத்தகத்தில்தான் இருக்கிறது. நகராட்சிக்கும் போய்ச் சொல்லிச் சான்று வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொல்வாரும் இல்லை. அதனால் அற்புதமேரி வாக்காளர் பட்டியலில் அறுநூற்றுப் பதினாலாம் எண்ணில் அப்படியே இருந்தாள்.

மறு வருஷம் பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் வந்தது. தெருவெல்லாம் ஆட்டோ கத்தியது. பங்கிராஸ் சிலிண்டர் போடப் போன இடமெல்லாம் பெரியவர்கள் அவரைத்தான் விவரம் கேட்டார்கள். அவரும் பொறுமையாகச் சொல்வார்: "இது கவுன்சிலருக்கு மட்டும்தாங்க, ஒரே ஒரு பட்டன். தலைவர அவங்க கூடித் தேர்ந்தெடுத்துக்குவாங்க. சிலிப்பு வரலைன்னா பரவாயில்ல, பட்டியல்ல பேரு இருந்தாப் போதும். ஓட்டுக் கார்டு காணாமப் போச்சுன்னா ஆதார் கொண்டு போங்க. சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் போடலாம். கடைசி ஒரு மணி நேரம் கொரோனாக்காரங்களுக்கு, அதுக்கு முன்னாடியே போயிருங்க."

அந்த நாட்களில்தான் நாகராசு வந்தான். வேட்பாளர் ஒருவருக்கு வலதுகை போல இருந்தவன். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று எதற்கும் ஓடி வருவான், அதனால் அவன்மேல் பங்கிராஸுக்கு மரியாதை உண்டு. பட்டியலைக் கொண்டுவந்து விரித்தான்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாத வீடு இல்ல. செத்தவுக, ஊரை விட்டுப் போனவுக பேரெல்லாம் இன்னும் இதுல கெடக்கு. எதெதுன்னு சொன்னீங்கன்னா எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருவேன். சுத்தமான தேர்தலா நடக்கணும்ல."

நல்ல காரியம்தானே என்று பங்கிராஸ் உட்கார்ந்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இவர் மதுரைக்குப் போய்விட்டார். இந்தம்மா தவறி இரண்டு வருஷம். இந்தப் பையன் துபாயில். நாகராசு பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தான். இருபத்தைந்து பெயர் ஆயிற்று. அறுநூற்றுப் பதினாலில் விரல் நின்றது.

"மதினி பேரும் இருக்குல்ல," என்றான் நாகராசு மெதுவாக. "அவுக ஓட்டுக் கார்டைக் குடுங்கண்ணே. ஒப்படைச்சாத்தான் பேரை எடுப்பாக."

பீரோவில் வேதாகமத்துக்குள் இருந்தது கார்டு. இருபது வருஷத்துக்கு முன் எடுத்த படம். மை படிந்து, முகம் யார் முகம் போலவும் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அதை ஒருமுறை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷெரின் போனில் பேசினாள். பேச்சோடு பேச்சாகக் கார்டு விஷயத்தைச் சொன்னார்.

"கார்டை ஏம்ப்பா குடுத்தீங்க? தேர்தல் அறிவிச்சதுக்கப்பறம் யாரு பேரை எடுக்கப் போறா? அம்மா பேருல வேற யாராச்சும் போட்டுருவாங்கப்பா."

பங்கிராஸ் போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். நேரே நாகராசுவிடம் போனார். வேட்பாளருடைய பந்தலில் அவன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கார்டைக் குடு தம்பி."

"அது ஆபீசுல இருக்குண்ணே."

"அந்தப் பட்டியலு?"

"அதுவும் அங்கிட்டுத்தான். போங்கண்ணே, சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. மதினி என்ன, வந்து கேக்கவா போறாக?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பங்கிராஸ் திரும்பி நடந்தார். இருபத்தாறு பெயர். தன் வாயாலேயே சொன்னது. செத்தவர்களுடைய பெயரைத் திருடுகிறவனுக்குத் தான்தான் கதவைத் திறந்து விட்டோம் என்று தெரிந்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டார். மற்றப் பெயர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தார். அற்புதமேரி பெயரைச் சொல்லி ஒருத்தி வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். 'சார், அவங்க செத்துட்டாங்க. நான்தான் வீட்டுக்காரன்.' அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

காலையில் ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஓட்டுப் போட்டுவிட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள், ஆகையால் வரிசையில் நின்றபடியே பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போங்க தம்பி." "நீங்க முன்னாடி போங்கய்யா." பத்து மணி ஆனது.

"என்ன பெரியவரே, ஓட்டுப் போட வந்தீங்களா, வரிசைய மேய்க்க வந்தீங்களா?" என்றார் காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா. அதற்குமேல் பின்வாங்க முடியாமல் அறைக்குள் போனார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாறி மாறி விட்டார்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க்.

முதல் மேசையில் ஒரு வாத்தியார். சீட்டை வாங்கிப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அந்த நேரத்தில்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சத்தம். பங்கிராஸ் எத்தனையோ தேர்தலில் கேட்டிருக்கிறார், இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"அறுநூத்திப் பதினாலு. அற்புதமேரி. கணவர் பெயர் பங்கிராஸ்."

நாகராசுவின் ஏஜெண்டு குனிந்து கோடு போட்டான். எதிர்க்கட்சி ஏஜெண்டு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர், ஆள் தெரியாது.

"அற்புதமேரி நீங்கதானம்மா?"

"ஆமாங்க."

"மாஸ்க்க எறக்குங்க."

இறக்கினாள். காத்தாயி.

வாத்தியார் கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அப்போதுதான் காத்தாயி பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அவள் முகம் சாம்பல் பூத்தது. வாய் அசைந்தது. கண் மட்டும், 'சொல்லிருங்கண்ணே' என்கிறதா, 'சொல்லாதீங்கண்ணே' என்கிறதா, அவருக்கு விளங்கவில்லை.

இரவும் காலையும் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாசலில் போலீஸ் நின்றது. சொன்னால் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு யாரும் தொடாத உடம்பைத் தொட்டுக் குளிப்பாட்டின கை அது. எந்தக் கையில் சுற்றணும் என்று கேட்ட கை. அதில் விலங்கு விழ இவர் வாய் திறப்பதா?

அவர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது மேசையில் அவள் விரலுக்கு மை வைத்தார்கள். பதிவேட்டைத் திருப்பி நீட்டினார்கள். "கையெழுத்தா, கைநாட்டாம்மா?" கைநாட்டு வைத்தாள். அற்புதமேரி எட்டாவது வரை படித்தவள், முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவாள். அதை அங்கே யார் கண்டார்கள்? மறைப்புக்குப் பின்னால் இயந்திரம் நீளமாகக் கூவி ஓய்ந்தது.

அடுத்து அவர் பெயரைப் படித்தார்கள். ஆமாம் என்றார். மை வைத்தார்கள். இயந்திரத்தின் முன் போய் நின்றவருக்குச் சின்னங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. எதையோ அழுத்தினார். எதை என்று இன்றுவரை அவருக்கு நிச்சயமில்லை.

வெளியே, பள்ளிச் சுவர் முடிகிற இடத்தில் காத்தாயி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. துப்புரவு வேலைக்குச் சொல்றேன், ஒரு ஓட்டுப் போட்டுட்டு வான்னு நாகராசண்ணன் கூப்பிட்டாக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? வாசல்ல வச்சுத்தான் சீட்டையும் கார்டையும் குடுத்து, பேரு கேட்டா அற்புதமேரின்னு சொல்லுன்னாக. பின்னாடியே ஆளு நின்னுச்சு. திரும்ப முடியலண்ணே."

பங்கிராஸ் அவள் விரலில் இருந்த மையைப் பார்த்தார்.

"ஏசுங்கண்ணே. ரெண்டு வார்த்தை ஏசிருங்க."

"நீ என்னத்தா செய்வ," என்றார் அவர். "பேரைச் சொல்லிக் குடுத்தவன் நான்."

மூன்று நாள் கழித்து ஓட்டு எண்ணினார்கள். நாகராசுவின் ஆள் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். வெடி போட்டுக்கொண்டு ஊர்வலம் அவர் வாசல் வழியாகத்தான் போனது. பங்கிராஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு, பத்தொன்பது. இருபத்தாறு, பத்தொன்பது. அந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினால் எத்தனையாவது மணி என்பதே தப்பிப் போனது.

நாலாம் நாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். தாமதமாகப் பதிவதற்கு மனு, உறுதிமொழிப் பத்திரம், கோவில் சாமியார் கொடுத்த கடிதம் என்று ஆறு நடை நடந்தார். "எப்ப இறந்தாங்க?" என்று கேட்ட குமாஸ்தாவிடம், "போன வருஷம் மே மாசங்க," என்று சொல்லும்போது அவருக்கு நாக்கு குழறியது. செத்தது மே மாதம். ஓட்டுப் போட்டது அடுத்த பிப்ரவரி. இரண்டும் சர்க்கார் காகிதம். சான்று கைக்கு வந்தது, படிவம் எழுதிக் கொடுத்தபின் பெயரும் பட்டியலிலிருந்து போனது. பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் ஆறுதலாகத்தான் பேசினார்.

காத்தாயிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று நாகராசு இழுத்தடித்தான். அவள் அந்தத் தெரு வீடுகளை விட்டுவிட்டு வேறு பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். அவர் வண்டி அங்கே போகிற நாளில், தூரத்தில் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவாள். அற்புதமேரியின் முகத்தைக் கடைசியாகத் துடைத்தவளோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதுதான் அவருக்கு இரண்டாவது சாவு.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஆவூரில் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். பூசையில் அந்த வருஷம் ஜெபத்துக்குக் கொடுத்த பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாகப் படித்தார். அங்கே படிக்கிற பெயருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பெயர் காற்றில் போகும், அடுத்த பெயர் வரும்.

"அற்புதமேரி," என்று படித்துச் சாமியார் மூச்சு வாங்கினார்.

அந்த இடைவெளியில் பங்கிராஸுக்கு மட்டும், பக்கத்து வரிசையிலிருந்து சொன்ன மாதிரித் தெளிவாகக் கேட்டது.

'ஆமாங்க.'

அவர் தாழ்ந்த தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.