மந்திரித்த உப்பும் ஒரு கிணறும்

தண்ணீர் பரிசோதிக்கப் போகிறவனுக்கு யாரும் காபி கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அந்தத் தண்ணீரில் போட்டதை நாங்கள் குடிப்பதில்லை. கெட்ட செய்தி சொல்லியே சம்பளம் வாங்குகிறவர் நீங்களும் என்றால் என் பாடு புரியும். ஆம்பூர் சுற்று வட்டாரத்தில் பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

பசை டப்பா

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி, தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொண்டு வந்தாள். கொண்டு வந்தது கம்பெனியில் காலியான பசை டப்பாவில். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் கொண்டு வருவார்கள். திட்டினேன். மகளுக்கு ஓயாத வயிற்று வலி என்றாள். திட்டியதற்கு வெட்கப்பட்டு, சுத்தமான பாட்டிலோடு நானே போனேன்.

உப்பும், தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியமும் அளவு மீறி இருந்தன. கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து, ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதினோம். செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீங்க எழுதிட்டுப் போய்டுவீங்க. நாங்க குடிக்கிறதுக்கு இன்னா பண்றது சார்?”

உப்பு

வார்டு தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளர் பக்கத்துத் தெருவிலிருந்து பைப் இழுத்துத் தருகிறேன் என்றார். இன்னொருவர், பூமித் தண்ணீர் ஆண்டவன் கொடுத்தது, அதை மனுஷனால் கெடுக்க முடியாது என்றார். எந்த ஆண்டவன் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லாச் சாமிக்கும் இப்படி ஒருவர் உண்டு.

இரண்டாமவர் மந்திரித்த உப்பை மூட்டையாகக் கிணற்றில் கொட்டி, ஊர் கூடியிருக்க, இப்போது பரிசோதித்துப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். பார்த்தேன். உப்பு முன்னைவிட ஏறியிருந்தது. அவருக்குக் கோபமே வரவில்லை.

“உங்க மிஷினுக்கு நம்பிக்கை கம்மி தம்பி.”

பஸ் ஸ்டாப்

ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். “உப்பு கொட்டினாரே, அவரு நல்ல மனுஷன் சார். எங்க மாமியார் செத்தப்போ காரியம் முடியிற வரைக்கும் கூடவே இருந்தாரு. சாமி நம்பிக்கை அவரு இஷ்டம். அதைப் பார்த்தா ஓட்டுப் போடறது?”

அவர் யாரைக் கும்பிட்டால் உனக்கென்ன, இந்தக் கிணற்றைப் பற்றி என்ன நம்புகிறார் என்று பார் என்று சொல்லியிருக்க வேண்டும். தேர்தல் நேரம், அரசாங்க வேலை, பயம். “உன் விருப்பம்மா” என்றேன்.

“தண்ணி நல்லதா கெட்டதான்னு சொல்றீங்க, இதை மட்டும் சொல்ல மாட்டேன்றீங்க.”

வெள்ளை

அவர் ஜெயித்தார். முதல் வாரமே கிணற்றுச் சுவருக்கு வெள்ளையடித்தார். நான் எழுதிக் கேட்டிருந்த லாரித் தண்ணீரையும் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினேன், பதில் இல்லை.

நாலு மாதம் கழித்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் செல்வியைப் பார்த்தேன். மகளுக்குச் சிறுநீரகம் பழுதாம். தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். கவுன்சிலர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

“தினம் வந்து வேண்டிக்கினு போறாரு சார். அவரு நம்பறதைத் தைரியமா சொன்னாரு. நீங்கதான் சொல்லலை.”

தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன், அதைக் குடிக்கச் சொல்கிறவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் நான் அரசு ஊழியன்.