ஆறுதலாப் பாப்பம்

ஈரச் சாக்கைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதக் காலை, கல்முனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய டீசல் பிக்கப்பின் பொனட்டின் மேல் அப்படி ஒரு சாக்கை நனைத்துப் போட்டேன். விடியலில் சுபஹு தொழுத கையோடு நாலு பேரைப் பிடித்துத் தள்ளவைத்து, காரைதீவு வரைக்கும் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்திருந்தேன். வாங்க வருகிறவர் பொனட்டைத் தொட்டால் குளிர வேண்டும், சாவியைத் திருப்பினால் சட்டென்று எழும்பவும் வேண்டும். அந்த வயதில் கள்ளப் புத்தி எனக்கு நன்றாகத்தான் ஓடியது.

வாகனத்துக்கு இருந்தது ஒரே ஒரு வருத்தம், காலையில் லேசில் எழும்பாத நோய். எஞ்சினுக்கு முதல் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நாலில் இரண்டு செத்திருந்தன. அதற்கு மேல் எஞ்சினும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. விடியற்காலையில் வெள்ளைப் புகையைக் கக்கிக் கக்கி இருமும். ஒரு தரம் எழும்பிவிட்டால் அன்று முழுக்கத் தங்கம். எனக்கோ அதை விற்றே ஆக வேண்டும். நெல் வேளாண்மை வெட்டு முடிந்ததும், அண்ணன் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற தங்கச்சிக்கு நிக்காஹ். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார், வீட்டைக் கொடுப்பது பெண் வீட்டார் கடமை. வாப்பா மௌத்தாகிவிட்டதால் அது என் தலையில் இருந்தது. சுவர் எழும்பி நின்றது, மேலே ஓடு இல்லை.

வாங்க வந்தவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வயல் செய்தவர். உரமும் விதைநெல்லும் ஏற்ற வாகனம் தேடினார். சாக்கை மெல்ல எடுத்து வேலியில் போட்டுவிட்டு, பொனட்டைத் திறக்கச் சொல்லி, எண்ணெய் பார்க்கிறவர் போலக் குனிந்து உள்ளே கையை விட்டார். தோள் ஒரு தரம் துடித்தது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை.

“எனக்கு அவசரமில்ல தம்பி. ஆறுதலாப் பாப்பம்” என்றார்.

நாங்கள் சாவகாசத்துக்கும் ஆறுதல் என்போம், துக்கத்துக்கும் ஆறுதல் என்போம். அவர் எஞ்சின் ஆறுவதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கப் பத்து நிமிடம் எடுத்தது. கதிரையைக் கேட்டு வாங்கி மாமர நிழலில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. வந்த மனிசனைப் போங்கள் என்று சொல்லுவதெப்படி? உம்மாவுக்கு விசயம் தெரியாது, விருந்தாளி கிடைத்த சந்தோசத்தில் பாரைமீன் வாங்கி ஆக்கினார். மாஸ்டர் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், ஆனால் கரண்டி கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், வலது கையில் இரண்டு விரல் நுனியும் கன்றிச் சிவந்து பொங்கியிருந்தன. சுட்டதைச் சொன்னால் நான் கள்ளன் என்றாகிவிடும்; மனிசன் அதைச் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே குறட்டை விட்டார். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் எழும்பி வந்து சாவியைத் திருப்பினார். எங்கள் வெயிலில் எந்த எஞ்சின் ஆறும்? ஒரே சுற்றில் எழும்பிவிட்டது. நான் வென்றுவிட்டேன், ஓடு வந்துவிட்டது என்று மனசு துள்ளியது. மாஸ்டர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார்.

“ஆறின பிறகும் எழும்புதே. உன்னைப் பற்றிப் பிழையா ஒண்டு நினைச்சுப்போட்டன். மனசில வைக்காத, தம்பி.”

அவர் ஏசியிருந்தால் விற்றிருப்பேன். அந்தச் சிவந்த விரல் என் தோளில் இருக்கும்போது முடியவில்லை.

“விடியப்புறம் வாங்க மாஸ்டர். அதுவரைக்கும் நான் தொடமாட்டன்.”

“ஓம், வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அடுத்த நாள் பனியோடு வந்தார். வாகனம் இருமியது, முற்றமே தெரியாத அளவுக்குப் புகைத்தது, கடைசியில் அவரும் சேர்ந்துதான் தள்ளினார். இனிப் போய்விடுவார் என்று நின்றேன். அவர் கையைத் தட்டிக்கொண்டு, “இதுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியும். மற்ற வாகனத்துக்கு என்னண்டு தெரியாதே” என்று வாங்கிக்கொண்டு போனார். விலைதான் இறங்கியது. அதனால் தங்கச்சி வீட்டின் முன்பக்கத்துக்கு மட்டும் ஓடு கிடைத்தது, சமைக்கிற குசினிப் பக்கத்துக்குத் தென்னோலைக் கிடுகு போட்டோம். அடுத்த மாரியில் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்க, கூரை சொட்டிய இடத்தில் அதே சாக்கை விரித்துவிட்டு, நான் எல்லாம் சொல்லிவைத்திருந்த தங்கச்சி சொன்னாள்: “காக்கா, உங்கட உண்மை ஒழுகுது.” மச்சான் சிரித்துப் புரையேறிவிட்டார்.

மாஸ்டர் இப்போது இல்லை. அந்த வீட்டுக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. என் வாகனம் பொத்தானை அமுக்கினால் எந்த விடியலிலும் எழும்பும். ஆனாலும் நான் எதையாவது சுற்றி வளைத்துக் கதைக்கத் தொடங்கினால் போதும், தங்கச்சி தொலைபேசியில் மெதுவாகக் கேட்பாள்.

“காக்கா, சாக்க நனைக்கட்டா?”