இன்னொரு கால் பாக்கி

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாயங்காலம், நசரத்பேட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது இது. மொத்தமே கொஞ்ச நேரம்தான். ஆனால் அன்றைக்குக் கோயிலுக்குப் போன ஆளும், பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஆளும் ஒரே ஆள் இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். "ரெண்டாவதா வந்த ஆளு பரவாயில்ல" என்பது அவள் தீர்ப்பு.

முதலில் என் இடது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நடக்காது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு வரை பிரஸ் ஷாப்பில் இருந்தேன். அங்கே தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்க 'டை' என்று பெரிய இரும்பு அச்சு இருக்கும். ஒருநாள் காலை ஷிப்டில் அதைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. அச்சு என் இடது காலில் இறங்கியது. ஷூவும் காப்பாற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்தக் காலில் கட்டைவிரலில் பாதிதான் மிச்சம். மற்ற விரல்கள் இல்லை.

யார் மேலும் தப்பில்லை. கூட வேலை பார்த்தவர்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பெனியும் கைவிடவில்லை, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தது. கோபப்பட ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் போனதுதான் என் கஷ்டம். கடைசியில் ஆண்டவர் மேல் கோபப்பட்டேன். அவர்தான் திருப்பிப் பேச மாட்டார்.

சும்மாவும் கோபப்படவில்லை. அடிபட்ட அன்று காலையில்கூட இயேசு படத்துக்கு முன்னால் நின்று, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று ஜெபம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். அந்தச் சின்ன விஷயத்தைக்கூடக் கேட்காதவரிடம் இனிமேல் என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். போகாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காருவேன். எல்லோரும் ஜெபிக்கும்போது ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கோயிலில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் சித்திரை வெயிலிலும் நான் சாக்ஸ் போட்டிருப்பேன். இடது சாக்ஸின் முனையில் பஞ்சு அடைத்து, விரல் இருக்கிற மாதிரி பண்ணிவிடுவேன். அந்தக் காலை டாக்டரும் என் மனைவியும் தவிர யாரும் பார்த்ததில்லை. மனைவியையும் தொட விட்டதில்லை. எண்ணெய் தடவி விடுகிறேன் என்று வருவாள், விரட்டிவிடுவேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் பாதம் கழுவும் சடங்குக்குப் பிடித்துப் போட்டார்கள்.

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் பங்கில் அன்பியத்துக்கு ஒரு ஆள் அனுப்ப வேண்டும். அன்பியம் என்பது ஒரு தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு. எங்கள் தெருவில் போக வேண்டியவருக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது. அன்பியக் கூட்டத்தில் என் மனைவி, என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஊர்ல எவ்ளோ காலு இருக்கு, என் காலுதான் கெடச்சுதா?" என்று கத்தினேன்.

அவள் அரிசி களைந்துகொண்டே, "வலது காலத்தான் கழுவுவாங்க. உபதேசியார்கிட்ட கேட்டுட்டுத்தான் பேரு குடுத்தேன்" என்றாள்.

ஆனாலும் சந்தேகம் போகாமல், கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியாரிடம் நானே போய்க் கேட்டேன். "வருஷா வருஷம் வலது கால்தான் சார். ஏன், இடது கால் கோவிச்சுக்குமா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இந்தச் சடங்கில் ஒரு வேடிக்கை உண்டு. கால் கழுவப்படப் போகிற யாரும் கழுவாத காலோடு போவதில்லை. முந்தின நாளே தேய்ப்பு தொடங்கிவிடும். என் மனைவி என் வலது காலைப் கால் தேய்க்கிற கல்லால் தேய்த்த தேய்ப்பில் தோலே சிவந்துவிட்டது. எங்கள் வரிசையில் இருந்த ஒரு ரிட்டயர்டு ஆபீசர், பூந்தமல்லியில் பார்லருக்குப் போய் நகம் வெட்டி வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். பாவம் சாமியார், கழுவுவதற்கு அவருக்கு நாங்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். நான் பதினோராவது ஆள். வலது காலில் சாக்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது. பிரசங்கம் முடிகிற நேரத்தில் ஒருவர் பக்கவாட்டு வாசல் வழியாக ஓடிவந்து அதில் உட்கார்ந்தார். காக்கிப் பேன்ட், மேலே அவசரமாகப் போட்ட வெள்ளைச் சட்டை. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும், முகம் பழக்கம்.

"குமணன்சாவடில ஒரே ஜாம் சார்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். "கடைசி ட்ரிப்ப எறக்கிட்டு, வண்டிய கேட்டாண்ட உட்டுட்டு அப்டியே ஓடியாறேன்."

அப்படியேதான் வந்திருந்தார். இரண்டு காலிலும் நெடுஞ்சாலைப் புழுதி முழுக்க இருந்தது. உட்கார்ந்ததும் என் காலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், ஒரு காலு சாக்ஸு, ஒரு காலு சும்மா கீது?"

"கொஞ்சம் அடி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாடல் தொடங்கியது. எங்கள் பங்குச் சாமியார் அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தார். என் தம்பி வயது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டார். உபதேசியார் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்ற, கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு நகர்ந்தார். கீழே பேசினில் விழுந்த தண்ணீர், ஊற்றியபடியே தெளிவாக இருந்தது.

என்னிடம் வந்தார். வலது காலை நீட்டினேன். அவர் கண் ஒரு நொடி என் சாக்ஸ் பக்கம் போனது, பிறகு என் முகத்துக்கு வந்தது. கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார், அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் அந்த நிம்மதி நிற்கவில்லை. பல் டாக்டரிடம் போய், வலிக்கிற பல்லைக் காட்டாமல் நல்ல பல்லைக் காட்டிவிட்டு எழுந்து வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் சாமியார் ஆட்டோக்காரரின் வலது காலைப் பிடிக்கக் கை நீட்டினார். அவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு இடது காலைத் தூக்கி நீட்டினார்.

"அது பிரேக்கு காலு ஃபாதர், நல்லா கீது. இதுதான் வெடிச்சி நொந்துகினு கீது. இத்த கழுவு."

மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். முன் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உபதேசியார் கூஜாவும் கையுமாக விழித்தார். வருஷா வருஷம் வலது கால் அல்லவா! சாமியார் மட்டும் சிரித்துவிட்டு, அந்த இடது காலை இரண்டு கையாலும் வாங்கித் தொடையில் வைத்துக்கொண்டார். குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்திருந்தது. தண்ணீர் பட்டதும் அந்த மனிதர் பல்லைக் கடித்தார்.

"எரியுதாண்ணே?" என்று சாமியார் கேட்டார்.

"எரியட்டும் ஃபாதர். நல்லா கீது."

பேசினில் விழுந்த தண்ணீர் அன்றைக்கு முதல்முறையாகக் கறுப்பாக ஓடியது.

அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு சுலபமா இது? நொந்த காலை எடுத்து நீட்டிவிட்டால் போதுமா? நான் இத்தனை வருடம் பஞ்சு அடைத்துக்கொண்டு அலைந்தது எதற்காக? யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாகப் போய் இடது சாக்ஸை உருவியது. பஞ்சு உருண்டை தரையில் விழுந்தது.

ஆனால் அதற்குள் சாமியார் எழுந்து, கை கழுவப் பீடத்துப் பக்கம் போய்விட்டார். பாட்டும் கடைசி அடிக்கு வந்துவிட்டது. மொட்டைக் காலோடு, அத்தனை பேருக்கு முன்னால், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. உனக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டு சாக்ஸை மாட்டக் குனிந்தேன்.

ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. காலை மட்டும் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டியில் ஏற ஆள் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"ஃபாதர்! இங்க இன்னோரு காலு பாக்கி கீது!"

பாட்டு அப்படியே நின்றுவிட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி எழுந்து நிற்பது தெரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. சாமியார் ஈரக் கையோடு திரும்பி வந்து, மறுபடியும் என் முன்னால் முட்டி போட்டார்.

காலைப் பார்த்ததும் அவர் கை ஒரு நிமிடம் நின்றது.

"வேணாம் ஃபாதர், பரவாயில்ல" என்றேன்.

"வலிக்குதாண்ணே?" என்று மெல்லக் கேட்டார்.

"காலு வலிக்கல ஃபாதர்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கூஜாவின் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், தழும்பு மேல் மெதுவாக விட்டுக் கழுவினார். அவசரமே படவில்லை. துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு குனிந்து, சரியாக அந்த இடத்திலேயே முத்தமிட்டார்.

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். ரிட்டயர்டு ஆபீசர் எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வானம் திறந்தது, ஒளி தெரிந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: பூசை தொடர்ந்து நடந்துகொண்டிருந்தபோது நான் ஆண்டவரோடு பேச ஆரம்பித்தேன். அதை ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது, சண்டைதான். இத்தனை வருஷமா எங்கே போயிருந்தீங்க என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள், அதே கேள்வியை அவரும் என்னிடம் கேட்கலாமே என்று தோன்றிவிட்டது. சாக்ஸுக்குள் ஒளிந்திருந்தது அவர் இல்லையே.

பூசை முடிந்ததும் ஆட்டோக்காரர் தரையில் கிடந்த பஞ்சை எடுத்து, "இது உன்னுதா சார்? வோணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காக்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். வண்டிக் கண்ணாடி துடைக்க ஆகுமாம். அன்று வீட்டில் மனைவி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நான் விரட்டவில்லை.

மறுநாள் புனித வெள்ளி. சிலுவைப்பாதைக்கு எல்லோரும் வெறுங்காலோடு தெருத்தெருவாக ஜெபித்துக்கொண்டு போவோம். நானும் வெறுங்காலோடு போனேன். தார் சுட்டது. பாதிக் காலால் வேகமாக நடக்க முடியாது, அதனால் கூட்டத்தின் கடைசியில் விந்தி விந்திப் போனேன். சிலர் காலைப் பார்த்தார்கள், சிலர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். அவ்வளவுதான். இதற்கா அத்தனை வருடம் பயந்தேன் என்று சிரிப்பாகக்கூட இருந்தது.

கோபம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதும் மழைக்காலத்தில் தழும்பு குடையும்போது ஆண்டவரோடு வாக்குவாதம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. காலையில் ஜெபம் சொல்ல உட்கார்ந்தால், என் புத்தி முதலில் தேய்த்துக் கழுவிய நல்ல காலைத்தான் நீட்டப் பார்க்கும். நான் செய்த நல்லது, கொடுத்த காணிக்கை, போன பூசை என்று வரிசையாகச் சொல்வேன். அப்போதெல்லாம் "இன்னோரு காலு பாக்கி கீது" என்று யாரோ காதோரம் கத்துகிற மாதிரி இருக்கும், நானும் மறைத்து வைத்திருப்பதை மெல்ல எடுத்து அவர் முன்னால் நீட்டிவிடுவேன்.