வெட்டுண்ட தலை கேட்ட கேள்வி

பெரியப்பா மகளுக்கும் எனக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். அதற்கே அவளை அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். செத்தாலும் கூப்பிடுவதில்லை என்றிருந்தேன். நாங்கள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பா ஓட்டிப்போன லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து அவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து புதுப் பாவாடை முதலில் அவளுக்கு. கோழி முட்டையிட்டால் அவளுக்கு. கம்பைநல்லூர் சந்தைக்கு என் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போவதும் அவள்தான். என் அப்பா! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் கொல்லையில், புளியமரத்தடியில், வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடும் ஒரு நடுகல் உண்டு. அதில் ஒரு வீரன் ஒரு கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டு நிற்பான். ஊர்மேல் படை வந்தபோது, நம் பக்கம் ஜெயிக்க வேண்டுமென்று காளிக்குத் தலையைக் கொடுத்த எங்கள் முன்னோராம். கீழே விழுந்த தலை கண்ணை மூடாமல், “ஜெயிச்சாச்சா?” என்று கேட்டதாம். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடியதாம். கதை இரண்டு வீட்டுக்கும் பொது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பேர் வாங்கியவள் மட்டும் அவள்.

அவள் சொல்ல ஆரம்பித்தால் பள்ளியில் மத்தியானம் தட்டில் போட்ட கோதுமைச் சோற்றை ஆறவிட்டு எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ரத்தம் எந்தப் பக்கம் ஓடியது, ஈ எப்போது வந்து மொய்த்தது என்பது வரை சொல்வாள். கடைசியில்தான் கதையை மாற்றிவிடுவாள். அவளுடைய தலை சண்டையைப் பற்றிக் கேட்காது. “பாப்பா சாப்டுச்சா?” என்று கேட்கும். அதற்கு ஒருத்தி அழுதே விட்டாள். நான் சரியான கதையைச் சொன்னபோது அதே ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

பெரியப்பா இறந்த துக்கத்தால் நின்றிருந்த வேடியப்பன் படையல் அடுத்த வருஷம் ஆடியில் நடந்தது. கல்லுக்கு முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றுவது மூத்த வீட்டாரின் உரிமை. பெரியப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. இனி உரிமை எங்கள் வீட்டுக்குத்தான், அப்பா என்னைத்தான் ஊற்றச் சொல்வார் என்று பத்து நாளாகத் துவைக்கிற கல்மேல் ஊற்றி ஊற்றிப் பழகியிருந்தேன். அப்பா சொம்பை அவள் கையில் கொடுத்தார்.

“மூத்த வூட்டுப் புள்ள. அதுதான் ஊத்தணும்.”

பங்காளிகள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஓர் அத்தை அவள் தலையைத் தடவி, “அந்தத் தலை என்ன கேட்டுச்சுனு சொல்லு சாமி” என்றாள்.

“பாப்பா சாப்டுச்சான்னு கேட்டுச்சுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ!

“பொய்! ஜெயிச்சாச்சான்னுதான் கேட்டுச்சு. அறுந்து கெடக்கற தலைக்குப் பாப்பா சாப்டா என்ன, சாப்டாட்டி என்ன?”

அவ்வளவுதான். தள்ளி நின்றிருந்த பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “வாய மூடுடி பாவி!” என்று அம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கதையில் ஒரு தப்பைத் திருத்தியதற்கு இவ்வளவா? இதிலும் எல்லாரும் அவள் பக்கம்தானா என்று தேம்பினேன்.

அவள்தான் என்னிடம் வந்தாள். “இந்தா, நீயே ஊத்து” என்று சொம்பை நீட்டினாள்.

தொப்பூரில் பெரியப்பாவின் தலை தனியாகக் கிடந்ததும், வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தது. லாரியிலிருந்து இறங்கியதும் பெரியப்பா வாசலிலேயே அவளைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி என்ன என்பது மட்டும் எனக்கு அன்றே தெரியும். எத்தனையோ முறை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தால்தானே!

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொம்பு என் கைக்கு வந்துவிட்டது என்பதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கல்லின் தலையில் ஊற்றினேன். யார் யார் பார்க்கிறார்கள் என்று பெருமையாகத் திரும்பினேன். அவள் பெரியம்மாவின் மடியில் முகம் புதைத்துப் படுத்திருந்தாள். அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.